ஸ்டிஃப்னஸ் முறையில் திருப்பம் சரியாக வந்தும் மொமென்ட் ஏன் தப்பாகிறது?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சிவில் மூன்றாம் ஆண்டு, இரண்டு ஸ்பான் தொடர் பீம், ஸ்டிஃப்னஸ் (விறைப்பு) முறை, அதாவது ஜாயிண்டுகளின் திருப்பத்தை முதலில் கண்டுபிடித்து, அதிலிருந்து பீமை வளைக்கிற மொமென்டை எடுக்கிற முறை. பி, சி இரண்டு ஜாயிண்டுகளின் திருப்பமும் புத்தகத்தோடு அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் கடைசி மொமென்ட் மட்டும் பொருந்தவில்லை. ரோலர் (தாங்கும், ஆனால் திரும்ப விடும் சப்போர்ட்) இருக்கிற சி முனையில் பூஜ்ஜியம் வர வேண்டிய இடத்தில் −36 வந்து நிற்கிறது. ஒரு புத்தகத்தில் லோடு வெக்டருக்கு (ஜாயிண்ட் லோடுகளின் வரிசைக்கு) முன்னால் கழித்தல் குறி இருக்கிறது, இன்னொன்றில் இல்லை, எதை மனப்பாடம் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். குறியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் சிக்கல் குறியில் இல்லை. நீங்கள் கண்டுபிடித்த அந்தத் திருப்பம் எந்தப் பீமுடைய திருப்பம், அதற்கு முன்னால் அந்தப் பீம் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் விடுபட்டிருக்கிறது. அது பிடிபட்டால் குறியை மனப்பாடம் செய்யவே தேவைப்படாது.

நான் கட்டட வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன், மாலையில் மாணவர்களுக்கு இந்தப் பாடமும் எடுத்திருக்கிறேன். வருடா வருடம் இதே இடத்தில்தான் பலர் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன், அதனால் உங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

ஏ ஃபிக்ஸ்டு (நகரவும் முடியாது, திரும்பவும் முடியாது), பி ரோலர், சி ரோலர். ஏபி 4 மீட்டர், அதன்மேல் மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் பரவல் லோடு. பிசி 6 மீட்டர், நடுவில் 48 கிலோநியூட்டன் புள்ளி லோடு. ஈஐ முழுக்க ஒன்றுதான். இதில் ஈ கான்கிரீட்டின் மீள்மைக் குணகம், ஐ குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன், எல் ஸ்பான் நீளம். வலஞ்சுழியைக் கூட்டல் என்று வைத்துக்கொள்வோம். மொமென்ட் எல்லாமே கிலோநியூட்டன்-மீட்டரில்தான், ஒவ்வொரு தடவையும் அலகு எழுதவில்லை.

இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் கற்பனை செய்யுங்கள். லோடு வைப்பதற்கு முன்பே பி-யிலும் சி-யிலும் ஆளுக்கொரு பெரிய ஸ்பேனரைக் கொடுத்து இரண்டு பேரை நிறுத்துகிறீர்கள். ஜாயிண்ட் இம்மியும் திரும்பக் கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு. அப்புறம் லோடு வைக்கிறீர்கள். இப்போது ஏபி தனி ஃபிக்ஸ்டு பீம், பிசி தனி ஃபிக்ஸ்டு பீம், ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. ஏபி-யின் முனைகளில் 18 × 16 / 12, அதாவது 24. இடது முனையில் −24, வலது முனையில் +24. பிசி-யில் 48 × 6 / 8, அதாவது 36. இடதில் −36, வலதில் +36. பி-யில் நிற்கிறவர் தாங்குவது +24, −36 இரண்டின் கூட்டுத்தொகை, −12. சி-யில் நிற்கிறவர் தாங்குவது +36. இந்த இரண்டு எண்களும் ஸ்பேனர்கள் கொடுக்கிற மொமென்ட். உண்மையான கட்டடத்தில் ஸ்பேனரும் இல்லை, ஆளும் இல்லை. எனவே அவர்கள் கையை எடுக்க வேண்டும். கையை எடுப்பது என்றால் அவர்கள் கொடுத்த மொமென்டுக்கு நேர் எதிரானதை ஜாயிண்டில் ஏற்றுவது, பி-யில் +12, சி-யில் −36. உங்கள் புத்தகத்துக் கழித்தல் குறி இதுதான். குறி இல்லாத புத்தகத்தில் இதே வேலையை முன்கூட்டியே செய்து, எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிய மொமென்டையே ஜாயிண்ட் லோடு என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

கையை எடுத்ததும் ஜாயிண்ட் எவ்வளவு திரும்பும் என்பதைத்தான் மேட்ரிக்ஸ் சொல்கிறது. அதில் இருக்கிற 4ஈஐ/எல், 2ஈஐ/எல் எங்கிருந்து வந்தன என்று தெரியாமலே பலர் நான்கு வருடம் படித்து முடித்துவிடுகிறார்கள். ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள். இரண்டு முனையையும் இரண்டு கையால் ஒரே உயரத்தில் பிடித்து, வலது முனையைத் திரும்பவே விடாமல் இறுக்கிக்கொண்டு, இடது முனையை மட்டும் லேசாகத் திருப்புங்கள். ஸ்கேல் ஒரு பக்கமாகப் புடைக்கும். கவனித்தால், அதிகப் புடைப்பு நடுவில் இருக்காது, நீங்கள் திருப்பிய முனையிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்கும். 20 சென்டிமீட்டர் பக்கம் வந்தால் வளைவின் திசையே மாறும். அங்கே மொமென்ட் பூஜ்ஜியம். திருப்புகிற கை 4 பங்கு கொடுத்தால், திருப்பாமல் பிடித்துக்கொண்டிருக்கிற வலது கைக்கு அதே சுழற்சித் திசையில் 2 பங்கு வேலை. அதைக் கையிலேயே உணரலாம். மேட்ரிக்ஸில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் இப்படி ஒரு கேள்விக்கு விடைதான்: இந்த ஒரு ஜாயிண்டை மட்டும் ஒரு அலகு திருப்பி, மற்ற எல்லாவற்றையும் பூட்டி வைத்தால், எந்தெந்த இடத்தில் எவ்வளவு மொமென்ட் தேவைப்படும்?

பி-யை மட்டும் திருப்பினால் இரண்டு பக்கத்துப் பீமும் எதிர்க்கும். ஏபி-யிலிருந்து 4ஈஐ/4, பிசி-யிலிருந்து 4ஈஐ/6, கூட்டினால் 1.667ஈஐ. அந்த நேரத்தில் சி-யில் 2ஈஐ/6, அதாவது 0.333ஈஐ. சி-யை மட்டும் திருப்பினால் அங்கே 0.667ஈஐ, பி-யில் 0.333ஈஐ. ஈஐ-யோடு பெருக்கிய பி-யின் திருப்பத்தை ப என்றும் சி-யினுடையதை ச என்றும் எழுதினால், 1.667ப + 0.333ச = 12, 0.333ப + 0.667ச = −36. மூன்றால் பெருக்கினால் 5ப + ச = 36, ப + 2ச = −108. விடை ப = 20, ச = −64. உங்களுக்கும் இதேதான் வந்திருக்கிறது. குறியைப் பாருங்கள். பி வலஞ்சுழியாகத் திரும்புகிறது, அதாவது கனமான பிசி பக்கம் சாய்கிறது. சி இடஞ்சுழியாகத் திரும்புகிறது. 48 கிலோநியூட்டன் நடுவில் அழுத்தும்போது பீம் எப்படித் தொய்யும் என்று காகித ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாலே இது சரி என்று தெரியும்.

இனி உங்கள் தவறு. அந்தத் திருப்பங்களை எடுத்து 4ஈஐ/எல், 2ஈஐ/எல் போட்டு மொமென்ட் கண்டுபிடித்தீர்கள். ஏ-யில் 10, பி-யின் இடது பக்கம் 20, வலது பக்கம் −8, சி-யில் −36. பெருக்கலில் ஒரு தவறும் இல்லை. ஆனால் பி-யின் இரண்டு பக்கத்தையும் கூட்டுங்கள், 20 − 8 = 12. சி-யில் −36. இந்த 12, −36 இரண்டும் நீங்கள் சமன்பாட்டின் வலது பக்கத்தில் போட்ட அதே எண்கள்! அதாவது நீங்கள் கண்டுபிடித்தது கையை எடுத்ததால் மட்டும் வந்த மாற்றம். கையை எடுப்பதற்கு முன் பூட்டிய நிலையில் பீமுக்குள் ஏற்கெனவே இருந்த மொமென்ட் எங்கே போனது? அது அங்கேயேதான் இருக்கிறது, அதைக் கூட்ட வேண்டும். ஏ-யில் −24 + 10 = −14. பி இடது 24 + 20 = 44. பி வலது −36 − 8 = −44. சி-யில் 36 − 36 = 0. ஜாயிண்ட் பி சமநிலையில் வந்துவிட்டது, ரோலரில் பூஜ்ஜியம் வந்துவிட்டது. பூட்டிய படம் ஒன்று, விடுவித்த படம் ஒன்று, இரண்டையும் கூட்டினால்தான் உங்கள் பீம். பூட்டிய படத்தில் திருப்பமே கிடையாது, அதனால்தான் திருப்பங்கள் மட்டும் புத்தகத்தோடு பொருந்தி உங்களை ஏமாற்றிவிட்டன.

இதைச் சரிபார்க்க விடைப்பட்டியல் வேண்டாம். ஏ-யில் எதிர்விசை 36 − (44 − 14)/4 = 28.5. பி-யில் இடது பக்கத்திலிருந்து 43.5, வலது பக்கத்திலிருந்து 24 + 44/6 = 31.33, மொத்தம் 74.83. சி-யில் 16.67. எல்லாம் சேர்த்து 120 கிலோநியூட்டன். வைத்த லோடு 72 + 48 = 120. சி-யிலிருந்து 3 மீட்டரில் மொமென்ட் 16.67 × 3 = 50. இன்னொரு வழியில், 48 × 6 / 4 = 72, அதில் 44/2 கழித்தால் அதுவும் 50. பரீட்சையில் இதற்கு மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மொமென்ட் டிஸ்ட்ரிபியூஷன் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இந்த முறையில் பாதியை ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். ஹார்டி கிராஸ் 1930-இல் வெளியிட்ட அந்த முறையும் இதே பூட்டுதல், விடுவித்தல்தான். அவர் ஒவ்வொரு ஜாயிண்டாக மாற்றி மாற்றிக் கையை எடுத்தார், மேட்ரிக்ஸ் முறை எல்லாரையும் ஒரே நேரத்தில் கையை எடுக்கச் சொல்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் கணக்கிலேயே பாருங்கள். சி ரோலர், அங்கே மொமென்ட் பூஜ்ஜியம் என்று முன்பே தெரியும். ஆகவே சி-யைப் பூட்டாமலே விட்டுவிட்டால், பிசி-யின் விறைப்பு 4ஈஐ/எல் என்பதற்குப் பதில் 3ஈஐ/எல், பி-யில் பூட்டிய மொமென்ட் 36-க்குப் பதில் 54. பி-யில் மிச்சம் 54 − 24 = 30, விறைப்பு 4ஈஐ/4 + 3ஈஐ/6 = 1.5ஈஐ. தெரியாத ராசி ஒன்றே ஒன்று: 1.5ப = 30, ப = 20. இரண்டு சமன்பாடு ஒன்றாகிவிட்டது. கையால் போடும்போது இது பெரிய உபகாரம், ஆனால் முதல் பத்துக் கணக்கை நீளமாகவே போடுங்கள், குறுக்குவழி அப்புறம் தானாகப் பழகும்.

ஃப்ளெக்ஸிபிலிட்டி முறை (திருப்பத்துக்குப் பதில் எதிர்விசையைத் தெரியாததாக எடுக்கிற முறை) இருக்கும்போது இது எதற்கு என்ற உங்கள் இன்னொரு கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த முறையில் எந்த எதிர்விசையை அகற்றுவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், பத்துப் பேர் பத்து விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே தேர்வே கிடையாது, நகரக்கூடிய எல்லாவற்றையும் பூட்டு என்பது ஒரே கட்டளை. கம்ப்யூட்டருக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான். 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் விமான அமைப்புகளுக்காக எழுதிய கட்டுரை இந்த வழியைத் தட்டுகளுக்கும் நீட்டிக் காட்டியது. இன்று ஸ்டாட், ஈடேப்ஸ் என்று எந்த வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தாலும் உள்ளே ஓடுவது ஸ்டிஃப்னஸ் முறைதான். இரண்டு முனையும் ஃபிக்ஸ்டு ஆன ஒற்றை பீமை எடுத்தால் ஃப்ளெக்ஸிபிலிட்டி முறையில் தெரியாதவை இரண்டு, இதில் பூஜ்ஜியம். ட்ரஸ் (கம்பிகளை முக்கோணமாக இணைத்த சட்டகம்) வந்தால் வளைவு போய் ஏஈ/எல் வரும் (இங்கே ஏ குறுக்குவெட்டின் பரப்பு), கம்பியின் சாய்வுக்கு ஏற்ப கொசைன், சைன் போட்டுத் திருப்ப வேண்டும். எழுத்துவேலை அதிகம், யோசனை புதிதல்ல. வெப்பநிலை, சப்போர்ட் இறக்கம், உறுப்பு நீளத்தில் பிழை இவை எல்லாமும் பூட்டிய படத்தில்தான் வந்து உட்காரும்.

போர்ட்டல் ஃப்ரேமில் (இரண்டு தூண், மேலே ஒரு பீம்) கொஞ்சம் கவனம் வேண்டும். அடி இரண்டும் ஃபிக்ஸ்டு என்றால், உறுப்புகள் நீளவாக்கில் சுருங்காது என்று எடுத்துக்கொண்டு, இரண்டு திருப்பம், ஒரு பக்கவாட்டு நகர்வு, ஆக மூன்று தெரியாதவை. மென்பொருள் சுருக்கத்தையும் சேர்த்து ஆறாக எடுக்கும், பல மென்பொருட்கள் வெட்டுவிசையால் வரும் விலக்கத்தையும் சேர்க்கும். ஆகவே கைக்கணக்கும் திரையும் தசமத்தில் விலகினால் பயப்பட வேண்டாம். இரண்டு மடங்கு விலகினால் பயப்படுங்கள்.

இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, சமநிலையும் கூட்டலும்தான். இனி வருகிற இடம் அப்படி அல்ல. உங்கள் கணக்கில் ஈஐ கடைசி மொமென்டில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? விறைப்புகளின் விகிதம் மட்டும்தான் மொமென்டைப் பங்கு போட்டது. ஒருமுறை ஜூனியர் ஒருவர் ஒரு மாடலைக் கொண்டுவந்தார். மொமென்ட் எல்லாம் என் கைக்கணக்கோடு பொருந்தியது, ஆனால் பீமின் விலக்கம் மீட்டர் கணக்கில் இருந்தது. ஈ மதிப்பை 25,000 என்று கொடுத்திருந்தார், அது நியூட்டன்/சதுர மில்லிமீட்டர், மாடலோ கிலோநியூட்டனிலும் மீட்டரிலும் ஓடிக்கொண்டிருந்தது, 2,50,00,000 கொடுத்திருக்க வேண்டும். ஆயிரம் மடங்கு தவறான ஈ, ஆனாலும் மொமென்டில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து எந்த மாடலிலும் விலக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஆனால் சப்போர்ட் இறங்கினால் கதை வேறு. உங்கள் பீமை 230 × 450 மில்லிமீட்டர், எம்25 கான்கிரீட் என்று வையுங்கள். இந்தியக் கான்கிரீட் தரநிலையான ஐஎஸ் 456 சொல்கிற 5000√எஃப்சிகே-படி (எஃப்சிகே கான்கிரீட்டின் வலிமை, எம்25-க்கு 25) ஈ 25,000 நியூட்டன்/சதுர மில்லிமீட்டர், ஈஐ ஏறக்குறைய 43,660 கிலோநியூட்டன்-சதுர மீட்டர். பி சப்போர்ட் வெறும் 5 மில்லிமீட்டர் இறங்குகிறது, கட்டைவிரல் நகத்தின் பாதி அகலம்கூட இருக்காது. பூட்டிய நிலையில் ஏபி-யின் இரண்டு முனையிலும் 6ஈஐ × இறக்கம் / எல்², அதாவது −81.9. பிசி-யில் சி-யைப் பூட்டாமல் விட்டால் பி-யில் 3ஈஐ × இறக்கம் / எல்², +18.2. முன்பு போட்ட 1.5-ஐயே வைத்துக் கணக்குப் போட்டால் ப = 42.5, ஏ-யில் −60.6, பி-யில் 39.4 குறைகிறது. லோடோடு சேர்த்தால் ஏ-யில் 14 ஆக இருந்தது 75-ஐத் தொடுகிறது, பி-யில் 44 ஆக இருந்தது 5-க்கு அருகில் வந்துவிடுகிறது. மேல்கம்பியை பி-யில் அடுக்கி வைத்திருப்போம், இழுவையோ ஏ-க்குப் போய்விட்டது.

இந்தக் கணக்கு சரியா என்றால், விரிசல் விடாத, நேர்கோட்டு மீள்மையுள்ள பீமுக்குச் சரி. உங்கள் வீட்டுப் பீமில் அப்படியே நடக்குமா என்றால், நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஐஎஸ் 456-ஏ அந்த ஈ மதிப்பு ±20 சதவீதம் மாறலாம் என்கிறது. கான்கிரீட் விரிசல் விட்டதும் ஐ குறையும், நில அதிர்வு வடிவமைப்புக்கு ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பு பீமுக்கு முழு ஐ-யில் 35 சதவீதம், தூணுக்கு 70 சதவீதம் மட்டும் எடுக்கச் சொல்கிறது. இறக்கம் மெதுவாக, மாதக்கணக்கில் நடந்தால் கான்கிரீட்டின் ஊர்தலால் மொமென்ட் இன்னும் தளரும். ஆகவே நிஜத்தில் 75 வராது, கணிசமாகக் குறையும். எவ்வளவு குறையும் என்பதை மண்ணையும் கட்டிய வேகத்தையும் பார்க்காமல் ஒரு எண்ணாகச் சொல்வது நேர்மை ஆகாது. ஃபிக்ஸ்டு என்று நாம் வரைகிற ஏ முனையும் அப்படித்தான். தடித்த சுவரிலோ பெரிய தூணிலோ பீம் நுழைந்தால் ஓரளவு பூட்டியதுதான், மெல்லிய தூண் என்றால் அது கொஞ்சம் திரும்பிவிடும். அந்த இடத்தில் ஃபிக்ஸ்டு என்றும் ரோலர் என்றும் இரண்டு முறை கணக்குப் போட்டு, இரண்டுக்கும் தாங்குகிற மாதிரிக் கம்பி கொடுப்பது என் வழக்கம். கம்பி கொஞ்சம் கூடும், ஆனால் தூக்கம் வரும். தூண் வளைந்து நெளியும் அளவுக்கு அமுக்கம் இருந்தால் இந்த எளிய மேட்ரிக்ஸே போதாது, அது இந்தப் பதிலில் அடங்காது.

கடைசியாக, குறியை மனப்பாடம் செய்வதைவிட இதைச் செய்யுங்கள். இதே பீம், இதே லோடு, சி-யை மட்டும் ஃபிக்ஸ்டு ஆக்குங்கள். இப்போது திரும்பக்கூடியது பி மட்டும். 1.667ப = 12, ப = 7.2. பூட்டிய படத்தை எழுதி, விடுவித்த படத்தை எழுதி, கூட்டுங்கள். ஏ-யில் −20.4, பி-யில் 31.2, −31.2, சி-யில் 38.4 வர வேண்டும். வராவிட்டால் விடையை மட்டும் போடாமல் இடையில் எழுதிய எல்லா வரிகளையும் அப்படியே இங்கே போடுங்கள், எந்த வரியில் விலகியது என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.